மண்ணும் மனித இதயமும்

வயலுக்கு எரு இடும் குடியானவர், அந்த எருவின் சத்து பயிருக்குச் சேர்கிறது என்பதை அறிவார். பயிர் தரும் தானியமும் வைக்கோலும் மனிதருக்கும் மாட்டுக்கும் உணவாகின்றன என்பதையும் அறிவார். ஆனால், வயல் மண்ணில் ஏதேனும் ஒரு சத்து குறைந்திருந்தால், அக்குறை தானியத்தின் வழியே வந்து, உண்பவரின் இதயத்தையே தாக்கக்கூடும் என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. சீன தேசத்தின் கிராமங்கள் பலவற்றில் இது உண்மையாகவே நேர்ந்தது. குழந்தைகள் பலர் மாண்டனர். பின்னர், மிகச் சிறிய அளவில் ஒரு சத்தை ஊட்டியதன் மூலம் எஞ்சிய குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர்.

இந்த வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இதயத்துக்கு வலுத் தரும் சத்து மாத்திரைகள் என்று பலவகை மாத்திரைகள் இன்று கடைகளில் விற்கின்றன. அவற்றை வாங்கி உண்ணலாமா என்று கிராமக் கூட்டங்களில் நம்மைக் கேட்கின்றனர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆயினும், விடைக்குரிய காரணத்தையும் அறிந்துகொண்டால், பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர் மக்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க இயலும். ஆகவே, சற்று விரிவாக ஆராய்வோம்.

கேஷான் நோய்

சீனாவின் வடகிழக்கு மூலையில் ஹெய்லோங்ஜியாங் என்னும் மாகாணம் உள்ளது. அதில் கேஷான் என்பது ஒரு வட்டாரம். 1935ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே ஒரு கொடிய நோய் கண்டது. நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று நெஞ்சில் வேதனை உண்டாயிற்று, குமட்டலும் வாந்தியும் தொடர்ந்தன, கைகால்கள் சில்லிட்டன, பலர் விரைவில் உயிர் நீத்தனர். உடனே இறவாதவர்களில் பலர், கால் வீங்கி, மூச்சுத் திணறி, நடமாட இயலாமல் நலிவுற்றனர். சிறு குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுமே இந்நோய்க்கு மிகுதியாக இலக்காயினர்.

இறந்தவர்களின் இதயத்தை மருத்துவர்கள் ஆராய்ந்தபோது, இதயத் தசையில் ஆங்காங்கே திட்டுத் திட்டாகத் தசை செத்துப்போயும் தழும்பேறியும் இருக்கக் கண்டனர். இதயம் பருத்துத் தளர்ந்திருந்தது. நோய் முதலிற் கண்ட இடத்தின் பெயராலேயே இதற்குக் கேஷான் நோய் என்று பெயர் வழங்கலாயிற்று.

காரணம் எளிதில் புலப்படவில்லை. தொற்று நோயோ, குளிர்கால அடுப்புப் புகையின் நச்சோ என்றெல்லாம் ஐயங்கொண்டனர். பிற்காலத்தில் நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது மூன்று குறிப்புகள் கிடைத்தன. முதலாவது, நோய் கண்ட இடங்களை வரைபடத்திற் குறித்தால், அவை வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டையைப் போல் அமைந்திருந்தன. இரண்டாவது, தம் வயலில் விளைந்ததையே உண்டு வாழ்ந்த குடியானவர் குடும்பங்களிலேதான் நோய் மிகுந்திருந்தது. வெளியூர் உணவுப் பொருள்களும் கலந்து உண்டவர்களிடம் அரிதாயிருந்தது. மூன்றாவது, அதே பட்டையில் கால்நடைகளின் குட்டிகளும் கன்றுகளும் வெண்தசை நோய் என்னும் நோயால் வருந்தின. தசை வெளுத்து விறைத்துப்போகும் நோய் அது. இதயத் தசையையும் அது தாக்கும்.

இந்த மூன்றாம் குறிப்பே வழிகாட்டிற்று. 1957ஆம் ஆண்டில் கிளாஸ் சுவார்ஸ் என்னும் விஞ்ஞானி, எலிகளின் ஈரல் அழிவைச் செலினியம் என்னும் தாதுச் சத்து தடுப்பதை அமெரிக்காவில் கண்டறிந்திருந்தார். அடுத்த ஆண்டில் அந்நாட்டின் ஆரகன் மாநிலத்தில், ஆட்டுக் குட்டிகளின் வெண்தசை நோயையும் செலினியம் தடுக்கிறது என்பது புலனாயிற்று. சீன ஆராய்ச்சியாளர்கள் நோய் கண்ட ஊர்களின் தானியத்தைச் சோதித்தனர். ஒரு கிலோ தானியத்தில் 20 மைக்ரோகிராம் செலினியங்கூட இல்லை என்று கண்டனர். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு.

இதயத்தில் அச்சத்து என்ன செய்கிறது?

இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடினால் துருப்பிடிக்கிறது. எண்ணெய் நாட்பட்டால் காறிப்போகிறது. அதுவும் பிராணவாயுவின் செயலே. நம் உடலிலும் இத்தகைய செயல் ஓயாது நடைபெறுகிறது. உண்ட உணவைப் பிராணவாயுவின் துணைகொண்டு எரித்துத்தான் உடல் சக்தி பெறுகிறது. அவ்வாறு எரியும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற கேடு தரும் பொருள்களும் சிறிதளவு உண்டாகின்றன. அவற்றை உடனுக்குடன் அகற்றாவிட்டால், உயிரணுக்களின் மேலுறையிலுள்ள கொழுப்பு, காறிப்போன எண்ணெயைப் போலக் கெட்டு, அணுவே அழிந்துபோகும். இந்த நிலையையே ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று விஞ்ஞான நூல்கள் கூறுகின்றன.

இதயமோ நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு ஓய்வு இல்லை. அதனால் அது செலவிடும் பிராணவாயுவும் மிகுதி. உண்டாகும் கேட்டுப் பொருள்களும் அவ்வாறே. அவற்றை அகற்றுவதற்கு உடலில் சில நொதிகள் உள்ளன. அவற்றுள் கேட்டலேஸ் என்னும் நொதி ஈரலில் மிகுதியாகவும் இதயத்தில் குறைவாகவும் இருக்கிறது. ஆகவே, இதயம் குளுட்டாதியோன் பெராக்சிடேஸ் என்னும் மற்றொரு நொதியைப் பெரிதும் நம்பியிருக்கிறது. இது ஹைட்ரஜன் பெராக்சைடை வெறும் தண்ணீராக மாற்றிவிடுகிறது.

இந்த நொதியை 1957ஆம் ஆண்டில் கார்டன் மில்ஸ் என்பவர் இரத்தத்தின் சிவப்பணுக்களில் கண்டுபிடித்தார். செலினியம் அதன் உறுப்பாக அமைந்துள்ளது என்ற உண்மை 1973ஆம் ஆண்டில்தான் வெளிவந்தது. செலினியம் இல்லையேல் அந்நொதியை உடல் போதிய அளவில் ஆக்க இயலாது.

களத்துமேட்டில் வைக்கோற்போர்களுக்கு நடுவே சமையல் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பொறி பறப்பதை முற்றிலும் தடுக்க முடியாது. தண்ணீர்க் குடத்துடன் ஓர் ஆள் அருகில் நின்றால் பொறி விழுந்தவுடன் அணைத்துவிடுவார். அந்த ஆள் இல்லாத நாளில் ஒரு பொறியே போரை எரித்துவிடும். செலினியம் சேர்ந்த நொதி இதயத்தில் குடத்துடன் நிற்கும் ஆளைப் போன்றது. வைட்டமின் ஈ என்னும் சத்தும் அணுவின் மேலுறையில் இருந்து இதற்குத் துணை செய்கிறது.

மியன்னிங் வட்டாரத்துச் சோதனை

காரணம் இதுவாயிருக்கலாம் என்று கருதுவது வேறு, மெய்ப்பித்தல் வேறு. தென்மேற்குச் சீனாவில் சிச்சுவான் மாகாணத்து மியன்னிங் வட்டாரத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. அங்கே 1974ஆம் ஆண்டில் ஒரு பெருஞ் சோதனை தொடங்கப்பெற்றது. ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகள் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு வாரம் ஒரு முறை சோடியம் செலினைட் மாத்திரை கொடுக்கப்பட்டது: ஐந்து வயது வரை அரை மில்லிகிராம், அதற்கு மேற்பட்டோர்க்கு ஒரு மில்லிகிராம். மற்றப் பிரிவினருக்குச் செலினியம் இல்லாத வெறும் மாத்திரை அளிக்கப்பட்டது. முடிவுகள் வருமாறு:

1974ஆம் ஆண்டு: செலினியம் பெற்ற 4,510 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கண்டது. பெறாத 3,985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் கண்டது.

1975ஆம் ஆண்டு: செலினியம் பெற்ற 6,767 குழந்தைகளில் 7 பேருக்கும், பெறாத 5,445 குழந்தைகளில் 52 பேருக்கும் நோய் கண்டது.

இவ்வளவு தெளிவான வேறுபாடு கண்ட பின்னர், ஒரு பிரிவினருக்கு மட்டும் சத்தை மறுப்பது முறையாகாது. ஆகவே, 1976ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளுக்கும் செலினியம் வழங்கப்பட்டது. அவ்வாண்டில் அதைப் பெற்ற 12,579 பேரில் நால்வருக்கே நோய் கண்டது. 1977ஆம் ஆண்டில் 12,747 பேரில் ஒருவருக்கும் புதிதாக நோய் காணவில்லை.

நான்காண்டுக் கணக்கையும் கூட்டிப் பார்த்தால், செலினியம் பெறாத பிரிவில் நோயுற்றவர் 107 பேர். அவர்களில் இறந்தவர் 53 பேர். இந்த எண்களை வெறும் கணக்காகக் கருதலாகாது. நோயுற்ற குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டனர் என்பதும், வாரம் ஒரு சிறு மாத்திரை கிடைத்திருந்தால் அவர்களிற் பெரும்பாலோர்க்கு நோயே வந்திராது என்பதும் இதன் பொருள்.

சோதனை உணர்த்தும் வரம்புகள்

இங்கு இரண்டு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். செலினியம் நோய் வராமல் தடுத்தது. ஆனால், முன்னரே தழும்பேறிய இதயத்தை அது பழைய நிலைக்குக் கொண்டுவரவில்லை. எரிந்துபோன வைக்கோற்போரின் மேல் தண்ணீர் ஊற்றிப் பயன் என்ன?

மற்றொன்று, செலினியக் குறைவு ஒன்றே முழுக் காரணமன்று. மண்ணின் குறைவு ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்தும், நோய் சில ஆண்டுகளில் மிகுந்தும் சில ஆண்டுகளில் குறைந்தும் கண்டது. நோயாளிகள் சிலரிடம் காக்சாக்கி என்னும் நச்சுயிரியும் காணப்பட்டது. அமெரிக்காவில் மெலிண்டா பெக் என்னும் அம்மையாரும் அவருடைய துணைவர்களும் சுண்டெலிகளில் ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் ஒரு வியப்பான முடிவை வெளியிட்டனர். இதயத்துக்குத் தீங்கு செய்யாத காக்சாக்கி நச்சுயிரி, செலினியம் குறைந்த சுண்டெலியின் உடலில் புகுந்தபோது தன் மரபுக் கூற்றிலேயே மாறுதலுற்று, இதயத்தைத் தாக்கும் கொடிய வகையாகிவிட்டது. சத்துக் குறைவும் தொற்றும் கூடியே கேடு விளைத்தன என்பது இதனால் விளங்கும். பிற்காலத்தில் சீனக் கிராமங்களின் வருவாய் உயர்ந்து, பல இடத்து உணவுப் பொருள்களும் கலந்து உண்ணும் நிலை வந்தபோது நோய் பெரிதும் குறைந்துவிட்டது.

அளவுக்கு மிஞ்சினால்

குறைவினால் கேடு என்று அறிந்தவுடன், மிகுதியாக உண்பது நன்று என்று முடிவு செய்துவிடலாகாது. சீனாவின் ஹூபே மாகாணத்தில் என்ஷி என்னும் இடத்தில் இதற்கு நேர்மாறான துன்பம் நிகழ்ந்தது. 1961ஆம் ஆண்டு முதல் 1964ஆம் ஆண்டு வரை அங்குச் சில சிற்றூர்களில் மக்களுக்குத் தலைமயிர் உதிர்ந்தது. நகங்கள் கழன்று விழுந்தன. மிகவும் பாதிக்கப்பட்ட ஊர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் இவ்வாறு வருந்தினர். அவ்விடத்து நிலக்கரிப் பாறையில் செலினியம் மிகுதியாக இருந்தது. பாறை சிதைந்து அது மண்ணிற் கலந்தது. மண்ணுக்கு உரமாகச் சுண்ணாம்பு இடும் வழக்கமும் அங்கு உண்டு. சுண்ணாம்பு மண்ணின் புளிப்பைக் குறைக்கவே, மண்ணில் பிணைந்திருந்த செலினியம் விடுபட்டுப் பயிரில் ஏறிற்று. வறட்சியால் நெல் பொய்த்த காலத்தில் மக்கள் அந்நிலத்துச் சோளத்தையும் காய்கறிகளையும் கூடுதலாக உண்டனர்; துன்பம் முற்றியது.

நம் நாட்டிலேயே பஞ்சாப் மாநிலத்தில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பகுதிகளில் சில கிராம நிலங்களில் செலினியம் மிகுந்துள்ளது. அந்நிலத்துத் தீவனத்தைத் தின்ற எருமைகளுக்கும் மாடுகளுக்கும் மயிர் உதிர்ந்தது. கொம்பும் குளம்பும் கெட்டன. மக்களுக்கும் மயிரும் நகமும் பாதிக்கப்பட்டன. பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் இதனை ஆராய்ந்து, நிலத்துக்கு ஜிப்சம் இட்டால் பயிர் செலினியத்தை உறிஞ்சுவது குறைகிறது என்று கண்டனர். ஜிப்சத்திலுள்ள கந்தகம், வேரின் வாயிலில் செலினியத்தோடு போட்டியிடுவதே இதன் காரணம்.

அளவு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு கணக்குக் கூறுவோம். வளர்ந்த மனிதர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 மைக்ரோகிராம் செலினியம் போதும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குறித்துள்ளது. இந்த அளவில் 60 ஆண்டுகளுக்குத் தேவையானது முழுவதையும் சேர்த்தாலும் ஒரு கிராம் நிறை வராது. நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது அமெரிக்க நாட்டு வரம்பு. தேவைக்கும் வரம்புக்கும் இடையே பத்து மடங்குதான் உண்டு.

பின்லாந்து நாட்டின் ஏற்பாடு

ஐரோப்பாவின் வடக்கே உள்ள பின்லாந்து நாட்டு மண்ணும் பயிருக்குச் செலினியம் தருவதில் மிக ஏழையானது. அந்நாட்டு அரசு 1984ஆம் ஆண்டில் ஒரு முடிவெடுத்தது. மக்களுக்குத் தனித்தனியே மாத்திரை கொடுப்பதை விடுத்து, நாடெங்கும் வழங்கும் கலப்பு உரத்திலேயே செலினியம் சேர்க்கப்பட்டது. தானியப் பயிருக்கான உரத்தில் கிலோவுக்கு 16 மில்லிகிராம் என்றும், தீவனப் பயிருக்கு 6 மில்லிகிராம் என்றும் முதலில் அளவு வகுத்தனர். பின்னர், மண், பயிர், பால், இறைச்சி, மக்களின் இரத்தம் ஆகியவற்றை ஆண்டுதோறும் சோதித்து, 1990, 1998, 2007 ஆகிய ஆண்டுகளில் அந்த அளவை மாற்றியமைத்தனர். ஒரு முறை விதித்துவிட்டு வாளா இருக்கவில்லை.

பின்லாந்தில் இதய நோய் மரணங்கள் பெரிதும் குறைந்தது உண்மை. ஆனால், அந்தக் குறைவு 1970க்குப் பின்னரே, உரத்தில் செலினியம் சேர்ப்பதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. புகைபிடித்தல் குறைந்ததும், வெண்ணெய் உண்பது குறைந்ததும், இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதும் அதற்குப் பெருங்காரணங்களாகும். ஆகவே, அந்தப் பெருமை முழுவதையும் செலினியத்துக்கு அளிப்பதற்கில்லை.

மாத்திரை வாங்கலாமா?

இனித் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருவோம். செலினியம் மிகவும் குறைந்த மியன்னிங்கில் மாத்திரை உயிர் காத்தது. போதிய செலினியம் உள்ளவர்களுக்கு மேலும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதையும் சோதித்துள்ளனர். 2001ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் செலினியத்தையும் வைட்டமின் ஈயையும் ஆராயத் தொடங்கினர். புற்றுநோயைத் தடுக்குமா என்பதே முதல் நோக்கம். இதய நோயையும் கணக்கெடுத்தனர். இரண்டிலும் பயன் காணாமையால் 2008ஆம் ஆண்டில் மாத்திரை கொடுப்பதை நிறுத்திவிட்டனர். வைட்டமின் ஈ மட்டும் உண்டவர்களிடம் புரோஸ்டேட் புற்றுநோய் சற்று மிகுந்ததென்று 2011ஆம் ஆண்டில் தெரியவந்தது. வறண்ட வயலுக்குப் பாய்ச்சும் நீர் பயிரைக் காக்கும். நிறைந்த வயலுக்குப் பாய்ச்சும் நீர் வேரை அழுகச் செய்யும். சத்துகளின் இயல்பும் இதுவே.

ஆகவே, மருத்துவர் சோதித்துக் குறைவு உண்டென்று கூறாமல் இத்தகைய மாத்திரைகளுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. அந்தப் பணத்திற்கு முட்டையும் மீனும் பருப்பும் வாங்கினால் குடும்பம் முழுவதும் பயன்பெறும்.

நாம் செய்யத்தக்கவை

1. பல வகை உணவு: ஒரே நிலத்தில் விளைந்த ஒரே தானியத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களே கேஷான் நோய்க்கு ஆளாயினர். அரிசியோடு கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள், கீரை, வேர்க்கடலை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மீனிலும் முட்டையிலும் செலினியம் நன்றாக உண்டு. சத்துணவுக் கூடத்திலும் அங்கன்வாடியிலும் குழந்தைகளுக்கு முட்டை முறையாகச் சேருகின்றதா என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் நேரிற் பார்க்க வேண்டும்.

2. மண் பரிசோதனை: மண்வள அட்டையில் 12 இயல்புகள் குறிக்கப்படுகின்றன. செலினியம் அவற்றுள் இல்லை. துத்தநாகம், இரும்பு, போரான் முதலிய நுண்சத்துகள் உள்ளன. அட்டையைப் பெட்டியிற் பூட்டிவைக்காமல், அதிற் கண்டவாறு உரமிட வேண்டும். சுண்ணாம்பும் ஜிப்சமும் இடுவதற்கு முன் சோதனை முடிவைப் பார்ப்பது அவசியம். என்ஷி மக்கள் பட்ட துன்பம் இதற்குச் சான்று. செலினியம் கலந்த உரத்தைத் தாமாக வாங்கி இடுதல் கூடாது.

3. கால்நடையைக் கவனித்தல்: மனிதரின் நோய்க்குக் காரணத்தைக் கன்றும் ஆட்டுக்குட்டியும் காட்டிக்கொடுத்தன. ஓர் ஊரில் கன்றுகளோ குட்டிகளோ பலவாகக் கால் விறைத்து எழ முடியாமற் போனாலும், மாடுகளுக்குக் குளம்பு கழன்று மயிர் உதிர்ந்தாலும், கால்நடை மருந்தகத்துக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

4. இதயக் காப்பு: நம் ஊர்களில் இதயத்துக்கு இன்று பெரும்பகை இரத்தக் கொதிப்பும், சர்க்கரை நோயும், பீடி, சிகரெட், புகையிலையுமே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவற்றைச் சோதிக்கக் கட்டணம் இல்லை. 2021ஆம் ஆண்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டிற்கே வந்தும் சோதிக்கின்றனர். மாடு கறக்க நேரமாயிற்று, நடவு நடக்கிறது என்று தட்டிக்கழித்தல் கூடாது. நெஞ்சு வலியும் மூச்சுத் திணறலும் கண்டால் கை வைத்தியத்தில் பொழுதைப் போக்காமல் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மியன்னிங் வட்டாரத்துக் குழந்தைகளைக் காத்தது மருந்தின் விலையன்று. எந்தச் சத்து குறைந்துள்ளது என்று தேடி அறிந்ததும், அறிந்ததைச் சோதித்து மெய்ப்பித்ததும், மெய்யென்று கண்டபின் எல்லாக் குழந்தைகளுக்கும் கொண்டு சேர்த்ததுமே அவர்களைக் காத்தன. நம் ஊரின் மண்ணையும் மாட்டையும் குழந்தையின் தட்டையும் ஒருங்கே நோக்கும் பழக்கம் நம் பஞ்சாயத்துகளிடம் வளர்ந்தால், எந்தக் குறை வந்தாலும் அது இதயத்தைத் தாக்கும் முன்னரே நாம் கண்டுகொள்ள இயலும்.

கிராமக் கூட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. கேஷான் நோய், தம் நிலத்துத் தானியத்தையே உண்டவர்களை மட்டும் மிகுதியாகத் தாக்கியது ஏன்?

2. செலினியத்தால் மியன்னிங்கில் விளைந்த நன்மை, 2001ஆம் ஆண்டுச் சோதனையில் விளையாமற் போனது ஏன்?

3. நம் ஊரில் மண்வள அட்டை பெற்றவர் எத்தனை பேர்? அதன்படி உரமிட்டவர் எத்தனை பேர்?

4. நம் ஊரில் 30 வயதைக் கடந்தும் இரத்த அழுத்தம் சோதித்துக்கொள்ளாதவர் யார் யார்? அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை ஏற்பவர் யார்?